இன்னைக்கி ஓட்டினீங்களா?

போர்ட் கிள்ளானில் வளர்ந்தேன் என்று சொன்னால் எல்லோரும் கடலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒன்பது வயதுவரை நான் கடலைப் பார்த்ததே இல்லை என்றால் நம்பமாட்டார்கள். எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சன்னலிலிருந்து தெரிந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கொண்டெய்னர் பெட்டிகள்தான். அவற்றுக்குப் பின்னால் எங்கோ கப்பல் ஊதும் சத்தம் மட்டும் கேட்கும். அப்பா அந்தப் பெட்டிகளை லோரியில் ஏற்றிக்கொண்டு ஜோகூர்வரை போவார். அம்மாவுக்குக் கிடங்கில் ஷிப்டு வேலை. இருவரும் ஒன்றாக வீட்டில் இருந்தால் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நான் ஒரே பிள்ளை. சத்தமே வராமல் விளையாடுவதில் நான் கெட்டிக்காரியானது அப்படித்தான்.

பேசுவதற்கு எனக்கு இருந்தது அத்தை மட்டும்தான். அப்பாவின் தங்கை. கல்யாணம் ஒத்துவராமல் ஒரே ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். வந்த நாளிலிருந்து சமையலும் நானும் அவர் பொறுப்பு. பள்ளி வேனிலிருந்து இறங்கும்போது நாலாவது மாடியில் அவர் தலை தெரியும். தெரிந்த பிறகுதான் படியேறுவேன்.

அத்தையிடம் ஒரு குறை உண்டு. எதையும் ஆசையாகத் தொடங்குவார், பாதியில் விட்டுவிடுவார். தையல் வகுப்பு அப்படிப் போனது. கேக் வகுப்பும் போனது. கார் லைசன்ஸ் எடுக்கப்போகிறேன் என்று அவர் சொன்னபோது அப்பா சோற்றிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“ஒனக்கு எதுக்கு லைசன்ஸ்? எங்கயாச்சும் போணும்னா நான்தான் இருக்கேன் லா.”

அப்பா இருந்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

அன்று சாயங்காலம் அத்தை என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். “இந்த வீட்ல யாரும் என்னைய ஒன்னும் கேக்கமாட்டாங்க மா. கேக்க ஆளில்லன்னா நான் விட்டுடுவேன். நீ கேளு. தெனமும் கேளு. இன்னைக்கி ஓட்டினீங்களான்னு கேளு.”

ஓட்டாத நாளில் என்ன செய்வது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, டிவி ரிமோட்டை எடுத்து என் கையில் வைத்தார். ஓட்டாத நாளில் அவருக்கு நாடகம் கிடையாது. லைசன்ஸ் கிடைத்துவிட்டால் என்னை மோரிப் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகவும் வாக்குக் கொடுத்தார். சத்தம் போடாதே என்பதைத் தவிர அந்த வீட்டில் எனக்கு வேறு பொறுப்பு எதையும் யாரும் கொடுத்ததில்லை. நான் அந்த ரிமோட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

வேலையை ஒழுங்காகவும் செய்தேன். கதவு திறந்ததும் காலணியைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பேன். மழை பெய்தது, தலைவலி, ஆசிரியர் வரவில்லை என்ற கதையெல்லாம் என்னிடம் நடக்காது. எங்கள் தலைமையாசிரியர்கூட அவ்வளவு கறாராக இருந்ததில்லை. நாடகத்தில் கதாநாயகிக்குக் கல்யாணம் நடந்த அன்று அத்தை வகுப்புக்குப் போகவில்லை. கெஞ்சிப் பார்த்தார். நான் ரிமோட்டின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

பரீட்சையில் எல்லோரும் பயப்படுவது புக்கிட்டுக்குத்தான். செயற்கையாகக் கட்டிய ஒரு மேடு. பாதி ஏறி, கோட்டில் நிறுத்தி, மறுபடி கிளப்ப வேண்டும். வண்டி பின்னால் உருண்டால் தோல்வி. வீட்டில் இரண்டு சிலிப்பரைத் தரையில் போட்டு கிளட்ச் என்றும், வேகம் கூட்டும் எண்ணெய் மிதி என்றும் பெயர் வைத்தோம். சப்பாத்திக் கட்டை கைப்பிரேக். நான் பரீட்சை அதிகாரியாக முகத்தை இறுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். புது வண்டிக்குச் செய்வதுபோல் இருக்கட்டும் என்று ஒருநாள் சிலிப்பருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தேன். அத்தை அதை நசுக்கிவிட்டுச் சிரித்த சிரிப்பில் அம்மா எழுந்து வந்து திட்டினார். நிஜமான புக்கிட்டில் தான் ஒருநாளும் உருண்டதில்லை, ஆசிரியரே மெச்சினார் என்று அத்தை சொல்லிக்கொள்வார்.

அந்த நாள்களில் அவருக்கு அடிக்கடி போன் வரும். பழைய பள்ளித்தோழி ஒருவர் பெட்டாலிங் ஜெயாவில் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுத்துவந்தார். சாப்பாட்டை வேனில் கொண்டுபோக ஆள் தேவை, தங்க ரூமும் தருகிறேன், லைசன்ஸை எடுத்துக்கொண்டு வா என்று அவர் சொல்வது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்கும். வேன் என்பது மட்டும்தான் என் மனதில் நின்றது. மோரிப்புக்குக் காரைவிட வேனில் போனால் காற்று நன்றாக வரும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் பரீட்சையில் அத்தை தோற்றுப்போனார். புக்கிட்டில் வண்டி பின்னால் உருண்டுவிட்டதாம். தோற்றவர் மாதிரியே இல்லை. வரும் வழியில் எனக்குப் பிடித்த மீ கோரேங் வாங்கி வந்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் தலையைத் தடவி, “இன்னும் கொஞ்ச நாள் ஆவட்டுமே மா, என்ன அவசரம்?” என்றார். எனக்குக் கோபமான கோபம். கையைத் தட்டிவிட்டேன். ஒரு வாரம் நாடகம் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னேன். அத்தை மறுபேச்சு பேசாமல் ஏற்றுக்கொண்டார்.

மறுபரீட்சைக்கு முதல் நாள் என் தலையை வாரிவிட்டுக்கொண்டே கேட்டார்.

“நான் பாஸாயிட்டா ஒனக்குச் சந்தோஷம்தானே?”

“ஆமா அத்த.”

சீப்பு நின்றது. கொஞ்சம் கழித்து அதையே இன்னொரு முறை கேட்டார். முதலில் சொன்னது காதில் விழவில்லை போலும் என்று நினைத்து, சத்தமாகவே சொன்னேன்.

மறுநாள் பாஸாகிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோழியின் வேன் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வந்து நின்றது. அப்பா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அத்தை அவற்றை நசுக்கிக்கொண்டு என்னை மோரிப்புக்கு ஓட்டிப்போனார். வேன் முழுக்க விருந்துச் சாப்பாட்டின் சம்பல் வாசனை. நாங்கள் போன நேரம் தண்ணீர் வற்றிக் கடல் எங்கோ தூரத்தில் கிடந்தது. கண்ணுக்கு எட்டியவரை சேறு. நான் அழுதுவிடுவேன்போல் இருந்தேன். “இரு மா, வரும்” என்று அத்தை மணலில் உட்கார்ந்துகொண்டார். வெயில் தாழ்ந்த பிறகு தண்ணீர் மெல்ல மெல்ல வந்து என் காலைத் தொட்டது. நான் குதித்த குதியை அத்தை எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து வேனை நிறுத்திய பிறகு, சிவப்புக் கயிற்றில் கோத்த வீட்டுச் சாவியை என் கழுத்தில் மாட்டினார். நாளையிலிருந்து நான் பெட்டாலிங் ஜெயாவில் இருப்பேன், நீயே திறந்துகொள்ள வேண்டும் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பில் வேறு யாரிடமும் சாவி இல்லை.

மறுநாள் பள்ளி வேனிலிருந்து இறங்கி வழக்கம்போல் நாலாவது மாடியைப் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் காய்ந்து கிடந்தன. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் படியேறினேன். கதவைத் திறந்தவள், காலணியைக்கூடக் கழற்றாமல், “இன்னைக்கி ஓட்டினீங்களா?” என்று கேட்டுவிட்டேன். வாய் பழகிவிட்டது. குளிர்பதனப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நாடகம் வரும். ரிமோட் என்னிடம்தான் இருந்தது. அத்தைக்குக் கதை சொல்லலாம் என்று போட்டுப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கடைசிவரை பார்த்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. இப்போது கேள்வி கேட்பவர் அத்தை. சாப்பிட்டியா, கதவைப் பூட்டினியா. நான் ம் என்றேன். தினமும் கேட்டார், தினமும் ம் என்றேன். சனிக்கிழமை வருகிறேன் என்பார், சனிக்கிழமைகளில்தான் கல்யாணச் சாப்பாட்டு வேலை இருக்கும்.

போன வருடம் கிள்ளானில் நானும் லைசன்ஸ் எடுத்தேன். புக்கிட்டில் கோட்டில் நிறுத்தினேன். கைப்பிரேக்கை இழுத்தால் வண்டி தானாக நிற்கிறது. ஒருநாளும் உருளாத அத்தைக்கு அன்று மட்டும் ஏன் உருண்டது என்ற கேள்வி அந்த மேட்டில்தான் எனக்கு வந்தது. எப்போது போகப்போகிறீர்கள் என்றுதான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதும் அங்கேதான் விளங்கியது. அத்தை போனது நல்லதுதான். அவருக்கென்று ஒரு வாழ்க்கை அமைந்தது. ஆனால் சீப்பை நிறுத்திவிட்டு அவர் என்னிடம் இரண்டாவது முறை கேட்டபோது, முதல் பதில் காதில் விழாததால் கேட்கவில்லை. அது அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. அதனால்தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னது.