தும்மும்போது எடுத்த படம்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பொறுமை என்பதே கிடையாது. டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். ஆனால் கேமராவைக் கையில் எடுத்துவிட்டால் ஆளே வேறு. பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு ஒரே நாளில் நானூறு பிள்ளைகளைப் படம் எடுப்போம். நான் வரிசை எண்ணைக் கூப்பிடுவேன். மச்சான், "தாடையைக் கொஞ்சம் இறக்கு கண்ணா" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சி, ஆளுக்கு மூன்று படம் எடுத்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவார். இருபது வருஷமாக அப்படித்தான்.

இந்த வருஷம் அழிக்காமல் விட்டார். "பேரெல்லாம் சரியான்னு பிள்ளைங்களே பார்க்கட்டும், கிளாஸ் குரூப்ல போட்டுடுங்க சார்" என்று ஒன்பதாம் வகுப்பு டீச்சர் அவசரப்படுத்த, மொத்தப் படங்களையும் அள்ளி அனுப்பிவிட்டார். அதில் ஒரு பெண் தும்மும்போது எடுத்த படமும் போய்விட்டது. கண் செருகி, வாய் கோணி, மூக்கு விடைத்திருந்தது.

மறுநாளே அதன்மேல் 'பேய்க்கு ஜலதோஷம்' என்று எழுதி யாரோ பள்ளி முழுக்கப் பரப்பிவிட்டார்கள். அங்கேயே பத்தாவது படிக்கும் அக்கா மகள் எங்கள் குடும்ப குரூப்பிலும் அதைப் போட்டாள். "அந்தப் பொண்ணு நாலு நாளா ஸ்கூலுக்கு வரலப்பா. ரூமைப் பூட்டிக்கிட்டு இருக்காளாம்" என்று அவள் சொன்ன பிறகுதான் மச்சான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், படம் எடுக்க நாங்கள் கட்டும் நீலத் துணி. ஃபோனை என்னிடம் நீட்டினார்.

"நான் அனுப்பினதுடா இது. அந்தப் புள்ள ஏதாவது பண்ணிக்கிட்டா?"

அக்காவோ, "நீங்களே போய்த் தலையைக் கொடுக்காதீங்க. ஸ்கூல்ல தெரிஞ்சா அடுத்த வருஷம் வேற ஆளைக் கூப்பிடுவாங்க" என்றாள். சாதாரணமாக அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேசுகிற ஆளில்லை அவர். அன்றைக்குக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "அந்தப் புள்ள திரும்ப ஸ்கூலுக்கு வந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்று மகளிடம் விலாசத்தைக் கேட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அம்மாவுக்குத் தூக்கமே இல்லாத கண்கள். மச்சான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்த அம்மா கத்தித் தீர்ப்பார் என்று நினைத்தேன். அவரோ உள்ளே திரும்பி, "போட்டோ எடுத்தவர் வந்திருக்காரும்மா" என்றார், அவ்வளவுதான்.

வெகுநேரம் கழித்து அறைக்கதவு திறந்தது. வந்தவள் சாதாரணப் பிள்ளை. கழுத்து வரை துப்பட்டாவை இழுத்துச் சுற்றியிருந்தாள்.

"உங்க ஃபோன்லயும் அது இருக்கா அங்கிள்?"

"இப்பவே அழிச்சிடறேம்மா" என்று மச்சான் பதறிக்கொண்டு குடும்ப குரூப்பைத் திறந்தார். அவள் கை நீட்டி ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

படத்துக்குக் கீழே, கண்ணீர் வழியச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். முதலாவது மச்சான் போட்டது. அடுத்தது நான். போட்டதே எங்கள் இருவருக்கும் ஞாபகம் இல்லை.

அவள் விரல் முதல் முகத்தில் நின்றது.

"சிரிப்பு வந்துச்சா அங்கிள்?"

மச்சானுக்குப் பொய் சொல்ல வராது. "வந்துச்சும்மா" என்றார்.

அவள் ஃபோனை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அந்த அம்மாவும் நாங்களும் அறைக்கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.