மாமன் எழுதிக் கொடுத்த பேச்சு

ஏழாம் வகுப்பு ஆண்டு விழாவில் எனக்குச் சேர வேண்டிய பரிசைப் பறித்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு, எனக்குப் பிடித்த தலைவர். எழுதிக் கொடுத்தது எங்கள் வீட்டோடு இருந்த தாய்மாமன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். எல்லாரும் உள்ளூர்த் தலைவர்களை எடுத்தபோது, அவர் தென் அமெரிக்காவிலிருந்து ஒரு கெரில்லாத் தலைவரைக் கொண்டுவந்தார். துப்பாக்கி தூக்கி அரசாங்கத்தை எதிர்த்தவர். பிடிபட்டுப் பல வருடம் இருட்டறையில் கிடந்தவர். வெளியே வந்து, துப்பாக்கியை விட்டுவிட்டு, ஓட்டுக் கேட்டு ஜெயித்து நாட்டையே ஆண்டவர். ஒரு மாதம் மனப்பாடம் செய்தேன்.

"கடைசி மூணு வரிய மட்டும் விருந்தாளியப் பாத்துச் சொல்லோணும் சாமி" என்றார் மாமன்.

சிறப்பு விருந்தினர் எங்கள் ஒன்றியச் சேர்மன். ஓரிடத்திலும் தடுமாறாமல் பேசி, கடைசியில் அவர் பக்கம் திரும்பினேன்.

"பதவிக்கு வந்த பிறகும் அவர் பழைய ஓட்டு வீட்டிலேயே குடியிருந்தார். தன்னோடு சிறையில் கிடந்தவர்களை மறக்கவில்லை. அவர்களைத் தெருவில் கண்டால் காரை நிறுத்தி இறங்கினார்."

யாரோ விசிலடித்தார்கள். மைதானமே சிரித்தது. தலைமையாசிரியர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கி, "நேரம் முடிஞ்சுதுங்க" என்று சேர்மனிடம் குழைந்தார். பச்சைப் பொய். மணியே அடிக்கவில்லை. முதல் பரிசு, பாதியில் மறந்துபோய் அழுத பெண்ணுக்குப் போனது.

நான் இறங்கும்போது சேர்மன் கூப்பிட்டார். "ஆரு சாமி எழுதிக் குடுத்தது?"

"எங்க மாமனுங்க." பெயரையும் சொன்னேன். அவர் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து மாமனிடம் எல்லா அநியாயத்தையும் கொட்டினேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. "அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆத்திரத்தில் பேச்சுத் தாளைக் கிழித்து அவர் காலடியில் எறிந்தேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பட்டறை ஸ்டிரைக்கில் மாமனும் அந்தச் சேர்மனும் சேர்ந்து லத்தியடி வாங்கி, ஜெயிலில் ஒரே பாயில் படுத்தவர்கள் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. வெளியே வந்ததும் ஒருவர் முதலாளிகளின் காரில் ஏறிக்கொண்டார். மற்றவரை எந்தப் பட்டறையும் உள்ளே விடவில்லை. அத்தனை வருடமாகக் கிட்டேகூடப் போக முடியாத அந்த ஆளிடம் மாமன் சொல்ல நினைத்ததை, ஊர் கேட்க மைக்கில் நான் சொல்லிவிட்டு வந்திருந்தேன். எனக்கோ பரிசு போன கோபம்.