தோளில் இருந்தது யார்

அப்பாவைப் பற்றி எனக்கு இருப்பது ஒரே ஒரு ஞாபகம். அவர் போனபோது எனக்கு நான்கு வயது. மற்றதெல்லாம் அம்மா சொன்னது, இல்லாவிட்டால் கூடத்தில் மாட்டியிருந்த படம் சொன்னது. இது மட்டும் யாரும் சொல்லாதது, என்னுடையது என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். காவிரிப் பாலம். செம்மண் நிறத்தில் கரை தளும்பும் தண்ணீர். அப்பாவின் தோளில் நான். காற்று. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, காற்றை மீறி எதையோ கத்திச் சொல்கிறார். அவ்வளவுதான், மூச்சு விடும் நேரம்கூட வராது. பல் டாக்டரின் நாற்காலியில், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் பெஞ்சில், அதை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். கூட்டத்தில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பது போல.

போன ஆடியில் அக்கா கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். ஜங்ஷனில் அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு ஆட்டோ பிடித்தேன். மேட்டூர் திறந்திருந்தது. பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. ஊரே சுவரோரம் நின்று செல்போனில் வெள்ளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அக்கா தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, வெயிலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

"இங்கதான்டா. அப்பா என்னைத் தோள்ல வச்சுக்கிட்டு வெள்ளம் காமிச்சாரு."

"என்னை," என்றேன்.

"உன்னையா? நீ அம்மா இடுப்புல இருந்தே, மூக்கை ஒழுக விட்டுக்கிட்டு."

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். "ரெண்டு பேரையும் தூக்கியிருப்பாருங்க. அந்தக் காலத்து உடம்பு," என்று சமாதானம் செய்துவைத்தார்.

அக்கா சிரித்தாள். அந்த வெள்ளத்தின்போது அவளுக்கு ஏழு வயது, எனக்கு மூன்று நிரம்பவில்லை. அவளிடம் அப்பா எத்தனையோ இருக்கிறார். சைக்கிள் ஓட்டும் அப்பா, சவரம் செய்துகொள்ளும் அப்பா, கணக்குக்கு அடித்த அப்பா. இது அவளுக்குப் போனால் இன்னொன்று கூடும், அவ்வளவே. எனக்கு அப்பாவே இல்லாமல் போய்விடுவார். கேட்டுத் தெளிய அம்மாவும் இல்லை.

சாயங்காலம் அவள் என் மனைவியோடு பேசிக்கொண்டிருக்க, நான் மொட்டை மாடியில் நடந்தேன், நின்றேன், மறுபடி நடந்தேன். அந்த வயது நினைவு பெரும்பாலும் தங்காது என்று உளவியல் சொல்வது எனக்குத் தெரியும். நினைக்கும் ஒவ்வொரு முறையும் மனம் ஞாபகத்தைப் புதிதாகத் தைக்கிறது, அடுத்தவர் சொன்ன துணியையும் சேர்த்தே தைத்துவிடுகிறது என்றும் படித்திருக்கிறேன். படித்தபோது அழகாக இருந்தது, யாருக்கோ நடப்பதாகவும் இருந்தது. எப்போதோ அக்கா சொல்ல நான் கேட்டு, அவளை இறக்கிவிட்டு அந்தத் தோளில் ஏறிக்கொண்டேனா?

ஓட்டிப் பார்த்தேன். பாலம், தண்ணீர், காற்று, சுருங்கும் கண். மறுபடியும். பாலம், தண்ணீர், காற்று, கண். அங்கே மாட்டிக்கொண்டேன். தோளில் உட்கார்ந்திருப்பவனுக்கு முகம் எப்படித் தெரியும்? உச்சந்தலைதானே தெரியும்? எனக்குத் தெரிவது முகம். பக்கவாட்டில், கொஞ்சம் கீழேயிருந்து. அம்மாவின் இடுப்பிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி.

ஓட்டமாகப் படி இறங்கினேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தோளில் நீதான், ஆனால் பார்த்தது நான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவள் கை நின்றது. "எனக்கு அன்னிக்கு அவர் முகம் தெரியலடா. முடிதான் தெரிஞ்சுது," என்றாள். அப்புறம், "எப்படி இருந்தாரு?" என்று கேட்டாள்.

தயங்கினேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. சொல்லும்போது எது உதிரும், எது வந்து ஒட்டும்? கூடத்துப் படத்தில் அப்பா உதட்டை இறுக்கியிருப்பார், ஆகவே இது படத்திலிருந்து வந்ததில்லை. கையிலிருந்த தைரியம் அது ஒன்றுதான். ஆனாலும் கேட்பது அக்கா. சொன்னேன். சுருங்கிய கண், திறந்த வாய், கேட்காத சத்தம்.

"கையை எடுடி, கண்ணு மறைக்குதுன்னாரு," என்றாள் சட்டென்று. அவளுக்கே திகைப்பு. அது அவளுக்குள் எப்போதும் இருந்ததா, நான் சொன்ன கண்ணிலிருந்து அந்த நிமிஷம்தான் முளைத்ததா? அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்.

மறுநாள் காலை அவள் ஃபோனில் மகளிடம் பேசுவது சமையலறையிலிருந்து கேட்டது. தாத்தா அன்றைக்கு எப்படி நின்றார் என்று, எதிரே நின்று பார்த்தவளைப் போல விவரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில்.

சட்டையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. என் ஞாபகத்தில் கழுத்துக்குக் கீழே ஒன்றுமே இருந்ததில்லை. திருத்தலாம் என்று எழுந்தேன். அதற்குமுன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கண்ணை மூடினேன்.

பாலம், தண்ணீர், காற்று. காற்றில் படபடக்கும் வெள்ளைக் காலர். கழற்றிக் கழற்றிப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.