ஆயுள் வரைக்கும் ஒரு அறை

என் அண்ணன் இறப்பதற்கு முந்தைய வருடம் தன் வீட்டை மகன் பெயருக்கு எழுதிவைத்தார். திண்டுக்கல்லில் பேகம்பூருக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருந்த வீடு. கணவரோடு இனி முடியாது என்று ஆனபிறகு ஒரு பையோடு நான் வந்து சேர்ந்த வீடும் அதுதான். அண்ணி அப்போதே காலமாகிவிட்டார். மகனுக்குச் சென்னையில் வேலை. தனக்குப் பிறகு அவன் என்னை வெளியே அனுப்பிவிடுவானோ என்று அண்ணனுக்குப் பயம். அதனால் பத்திரம் எழுதுபவரிடம் சொல்லி ஒரு பத்தியைச் சேர்க்கவைத்தார். பதிவு முடிந்து வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து எனக்கு அதை வாசித்துக் காட்டினார்.

என் தங்கை தன் ஆயுள்காலம் வரை மேற்படி வீட்டின் முன்னறையில் குடியிருந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது. பின்பக்கக் குளியலறையையும் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்த உரிமையை விற்கவோ அடமானம் வைக்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. வேறிடத்தில் நிலையாகக் குடியேறினால் உரிமை முடிந்துபோகும்.

“இனிமே ஒன்னைய எவனும் அசைக்க முடியாது” என்றார் அண்ணன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசி வரி காதில் விழத்தான் செய்தது. எங்கே போகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். அண்ணன் போன அடுத்த வருடம் எங்கள் டாக்டர் ஒட்டன்சத்திரத்தில் இன்னொரு கிளை திறந்தார். அவர் அந்தப் பக்கத்துக்காரர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “நீங்களே அங்க வந்து பொறுப்பா பாத்துக்கோங்க. மாடியில தங்கறதுக்கு ரூம் இருக்குதுங்க” என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசுக்குள் சாமான்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். மறுநாள் எதற்கும் கேட்டுவைப்போம் என்று பத்திரம் எழுதியவரிடம் போனேன்.

“போனீங்கன்னா நிலையா குடிபோயிட்டாங்கன்னு உங்க மருமகன் சொல்லலாம்மா. அப்புறம் அந்த வேலையும் இல்லாமப் போச்சுன்னா இங்க திரும்பி வர முடியாது” என்றார்.

டாக்டரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வயது ஏறிக்கொண்டிருந்தது. கையில் இருந்த ஒரே பிடி அந்த அறைதான். அதை விட மனம் வரவில்லை. அன்றிலிருந்து அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் யாரோ வெளியில் தாழ்ப்பாள் போடுவதுபோல இருக்கும். ஒரு ஜன்னல், ஒரு கட்டில், மூலையில் கேஸ் அடுப்பு. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்.

பிறகு அண்ணன் மகன் வீட்டை விற்க முடிவு செய்தான். சென்னையில் ஃபிளாட் பார்த்திருந்தான். அவன் கெட்டவன் இல்லை. நேரில் வந்து என் கட்டிலில் உட்கார்ந்துதான் கேட்டான்.

“அத்தை, நீங்க விடுதலைப் பத்திரம் போட்டுக் குடுத்துருங்க. எங்ககூட வந்து இருங்க.”

“ஃபிளாட்ல எத்தன ரூம் அப்பு?”

“ரெண்டு” என்றான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். 

நாகல்நகரில் ஒரு பெண் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போடாமல் அவன் வீட்டை விற்க முடியுமா என்று கேட்டேன். “தாராளமா விக்கலாம். ஆனா வாங்குறவங்க உங்களையும் சேத்துத்தான் வாங்கணும். உங்க உரிமை வீட்டோட போகும்” என்றார். நான் கையெழுத்துப் போட்டால்? “அந்த நிமிஷத்தோட உங்களுக்கு அங்க ஒண்ணும் கிடையாது. அவர் கூப்பிட்டு வச்சுக்கிறேன்னு சொன்னது எழுத்துல இல்ல.” வெளியாருக்கு என் உரிமையை விற்கலாமா என்றும் கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். “அது நீங்க இருக்கிறதுக்கு மட்டுந்தான். யாருக்கும் குடுக்க முடியாது. வீட்டுக்காரருக்கு வேணா விட்டுக்குடுக்கலாம்.”

நான் கையெழுத்துப் போடவில்லை. அவன் கோபித்துக்கொண்டு போனான். புரோக்கர் ஆட்களைக் கூட்டிவர ஆரம்பித்தார். பேங்க் கடன் வாங்கி வீடு வாங்க வந்தவர்கள் வில்லங்கச் சான்றைப் போட்டுப் பார்த்ததும் நழுவிவிட்டார்கள். அறையில் ஒரு ஆள் இருக்கிற வீட்டுக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கும்? மிச்சமிருந்தவர்கள் கையில் பணம் வைத்திருந்தவர்கள். அவர்கள் ஹாலையும் மாடிப்படியையும் பார்த்துவிட்டு என் வாசலில் வந்து நிற்பார்கள். அறையைவிட என்னைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

வடமதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் புரோக்கரை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய் ஏதோ கேட்டார். புரோக்கர் கூச்சமில்லாமல் திரும்பி வந்தார்.

“ஏம்மா, உங்களுக்கு என்ன வயசு? சுகர், பிரஷர் ஏதும் இருக்கா?”

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுட்டது. “எனக்கு ஒரு நோயும் கெடையாது. போங்க” என்றேன். வந்தவர் போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, நான் நன்றாக இருப்பதுதான் இந்த வீட்டின் குறை என்ற நினைப்பு வந்தது. 

கடைசியில் தோல் வியாபாரம் செய்யும் ஒரு பாய் வந்தார். மனைவியின் பெற்றோர் வீடு அடுத்த தெருவில்தான். வயதானவர்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஆசை. பாய் நேராக என் அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, நீங்க பாட்டுக்கு இங்கினயே இருங்க. எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல” என்றார்.

கிரயப் பத்திரத்தில் என் உரிமையையும் எழுதியே பதிவு செய்தார்கள். அதற்காக விலை குறைந்தது. அந்த வருத்தத்தில் அண்ணன் மகன் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே ஊருக்குப் போனான்.

அவர்களோடு ஒன்றரை வருடம் போல இருந்தேன். ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. என் தண்ணீர்க் குடத்தை அவர்கள் இளைய பையனே நிரப்பி வைப்பான். நான் கவிச்சி சாப்பிடமாட்டேன் என்று தெரிந்து பெருநாளன்று சேமியாப் பாயசம் மட்டும் தனிப் பாத்திரத்தில் வரும். அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தார்களோ அவ்வளவு நான் ஒடுங்கிப்போனேன். குளியலறைக்குப் போக அவர்களுடைய ஹாலைத் தாண்ட வேண்டும். விருந்தாளிகள் இருந்தால் அவர்கள் போகட்டும் என்று அறையிலேயே காத்திருப்பேன். மூத்த மகனின் மனைவி பிள்ளை பெற்று வந்தபோது இளைய பையன் ஹாலில் பாய் விரித்துப் படுத்தான். என் அறை அவர்களுக்குத் தேவை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. நானும் நகரவில்லை. கன்னிவாடியில் என் சிநேகிதி வீட்டு விசேஷத்துக்குப் போனால்கூட மறுநாளே ஓடிவந்துவிடுவேன். பத்து நாள் தங்கினால் ‘நிலையாக’ என்று ஆகிவிடுமோ என்ற பயம்.

மழைக்காலத்தில் எனக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. அந்த அம்மாதான் கஞ்சி வைத்துக் கொடுத்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “அல்லாட்ட துஆ செய்றேன்க்கா, சரியாப்போகும்” என்பார். ஒரு மத்தியானம் கதவு ஒருக்களித்திருந்தது. பாயின் அண்ணன் வந்திருந்தார். ஹாலில் அவர் விசாரித்தது என் காதில் விழுந்தது.

“அந்தம்மாவுக்கு எப்படி இருக்கு?”

“பரவால்ல. ரத்தத்துல அணு ஏறிருச்சாம்” என்றார் பாய்.

“அப்படியா” என்றார் அண்ணன்காரர்.

அவ்வளவுதான் பேச்சு. நோயாளி இருக்கிற வீட்டில் யாரும் கேட்கிற கேள்விதான். அவர் அக்கறையாகக்கூடக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த ‘அப்படியா’வில் சந்தோஷமா ஏமாற்றமா என்று நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்துக்கொண்டே கிடந்தேன். கஞ்சி கொண்டுவந்த அந்த அம்மாவின் முகத்தையும் அப்படியே பார்த்தேன். எனக்கே அருவருப்பாக இருந்தது. நான் செத்தால் யாருக்கும் லாபமில்லாத ஒரு இடத்தில் இருக்க வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது.

எழுந்து நடக்க முடிந்ததும் நானே போய், அறையை விட்டுக்கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். அந்த அம்மா பதறிவிட்டார். “நாங்க எதுவும் தப்பா நடந்துக்கிட்டோமாக்கா?” இல்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வக்கீலை வைத்துப் பேசி, நியாயமான ஒரு தொகை தந்தார்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சார்பதிவாளர் அலுவலகம் போனோம். கேமரா முன்னால் உட்காரவைத்து, கைரேகை வைக்கச் சொன்னார்கள்.

“உங்க முழு சம்மதத்தோடதானம்மா? யாரும் வற்புறுத்தலையே?” என்று அதிகாரி கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.  பின்னால் நின்றவர்கள் அசைய ஆரம்பித்துவிட்டார்கள்.

“சம்மதந்தான்” என்றேன்.

விஷயம் தெரிந்து அண்ணன் மகன் போன் செய்தான். “எனக்கு அப்பவே போட்டுக் குடுத்திருக்கலாமே அத்தை” என்றான். அப்போது அவன் போகச் சொல்லிக் கேட்டான். இப்போது நானாகப் போகிறேன்.  “பிள்ளைங்க நல்லா இருக்கா?” என்று கேட்டேன். “இருக்காங்க” என்று சொல்லி வைத்துவிட்டான்.

வாடகைக்கு ஒரு மாடி வீடு பிடித்தேன். பதினோரு மாத ஒப்பந்தம். முதல்நாள் குளியலறைக் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தேன். கன்னிவாடிக்குப் போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தேன். ஒட்டன்சத்திரத்தில் அந்த வேலையில் இப்போது வேறொரு பெண் இருக்கிறாள். அதைக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் வலித்தது.

ஒப்பந்தத்தை ஒருமுறை புதுப்பித்தார்கள். போன வாரம் வீட்டுக்காரர், மகள் குடும்பத்தோடு திரும்பி வருகிறாள், வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்க யாரும் சுலபத்தில் சம்மதிப்பதில்லை. நேற்று அகரத்தில் ஒரு வீடு பார்த்தேன். சின்ன வீடு, நல்ல வெளிச்சம், பின்னால் பூந்தோட்டம்.

“யாரு யாரு இருப்பீங்க?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

“நான் மட்டுந்தான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வீட்டில் கலந்து பேசிவிட்டு போன் பண்ணுவதாகச் சொன்னார். இன்னும் பண்ணவில்லை.