ஆறுக்கு ஆறு வாக்கு வாங்கின ஸ்பீக்கர்

கிளெனிஸ் ஹாலரனுக்குக் கோபம் லேசில் வராது. வந்துவிட்டால் அவள் வாய் பேசாது, பாத்திரம் பேசும். அந்த நவம்பரில் மேஃபீல்டில் அவள் வீட்டு அடுப்படி காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசிக்கொண்டே இருந்தது.

எல்லாம் புருஷன் டெஸ் பண்ணின கூத்து. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல்களை இழுக்கிற படகில் முப்பத்து நாலு வருஷம் இன்ஜினியராக இருந்தவன். தங்கமான மனுஷன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சாமான் வாங்கக் கிளம்பினால் போதும், பக்கத்தில் இருப்பவர்கள் உயிரை வாங்கிவிடுவான். ஒரு டோஸ்டர் வாங்க மூன்று மாதம் ஆராய்ச்சி செய்தவனிடம் ஸ்பீக்கர் வாங்கும் வேலை வந்து சேர்ந்தால் என்ன ஆகும்?

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ரெக்கார்டில் ஒரு பக்கம் ஓடும். அவனுக்கு ஒரு நாற்காலி, அவளுக்கு ஒரு நாற்காலி. அந்த இருபது நிமிஷம் யாரும் பேசக் கூடாது, போன் அடித்தாலும் எடுக்கக் கூடாது. பகல் முழுக்கப் பள்ளிக்கூட கேன்டீனில் பிள்ளைகளின் கூச்சலில் வேகிறவளுக்கு ஒரு நாளில் தனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

மார்ச் மாதம் பழைய ஸ்பீக்கரின் ஸ்பாஞ்சு வளையம் உளுத்து உதிர்ந்தது. "ஆயிரத்தைந்நூறு டாலர் இருக்கு. நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வா," என்று சொன்னவளே கிளெனிஸ்தான். அதற்காகத் தன்னையே அவள் எத்தனை முறை திட்டிக்கொண்டாள் தெரியுமா!

எட்டு மாதம்! ஹாமில்டனில் கடை வைத்திருக்கும் தியோ பொறுமைசாலி. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பார், பிடிக்காவிட்டால் நாலு வாரத்துக்குள் திருப்பிக் கொடு என்பது அவன் கடை வழக்கம். அந்த வழக்கத்தை டெஸ் பிழிந்து எடுத்துவிட்டான். முதல் ஜோடி வந்தது. "கம்பளிக்குள்ள உக்காந்து பாடற மாதிரி இருக்கு," என்று திரும்பிப் போனது. இரண்டாவதும் அதே கம்பளி. மூன்றாவது கிளெனிஸுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அவனுக்கு, "மேல் சத்தமே இல்லையே. டிரம்காரன் பித்தளைத் தட்டை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டானா?"

நாலாவதாக வந்தது ஒல்லியாக, உயரமாக ஒரு ஜோடி. ஊசியைப் போட்டதும் டெஸ் முகம் மலர்ந்தது. "ஆங்! இதுலதான் உயிர் இருக்கு!"

உயிரா அது? தகரத்தை ஆணியால் கீறினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது கிளெனிஸுக்கு. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். நாலாம் நாள் டீயைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுடைய நாற்காலி மூன்று வாரமாகக் காலி.

"டெஸ், நல்லா கேட்டுக்கோ. திங்கட்கிழமையோட நாலு வாரம் முடியுது. அந்த ஊசி மூஞ்சி ஜோடி இந்த வீட்டுல தங்குச்சுன்னா, அஞ்சு மணிக்கு நான் உன்கூட உக்கார மாட்டேன். நாளைக்கு மட்டுமில்ல, என்னைக்குமே."

"உனக்கு நல்ல சத்தம் கேட்டுப் பழக்கமில்ல கிளென். போகப் போக சரியாயிடும்."

"யோவ், எனக்குத் தலை வலிக்குதுய்யா!"

"சரி, நமக்குள்ள எதுக்குச் சண்டை? சங்கம் தீர்ப்பு சொல்லட்டும்."

சங்கம் என்றால் டெஸ்ஸையும் சேர்த்து ஆறு கிழவர்கள். மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடி, சாசேஜ் ரோல் தின்றுகொண்டு ஸ்பீக்கருக்கு மார்க் போடுவார்கள். அவர்களில் மூத்தவன் நெவில், இரும்பாலையில் கொதிகலன் வேலை பார்த்தவன். மற்றவர்களும் ஆலை, ரயில் பட்டறை என்று இரைச்சலிலேயே ஆயுளைக் கழித்தவர்கள்தான்.

டெஸ் தியோவிடம் கெஞ்சி அந்த மூன்றாவது ஜோடியை ஞாயிற்றுக்கிழமைக்காக மறுபடி வாங்கிவந்தான். அப்புறம் நடந்த சடங்கு இருக்கிறதே, கோயில் குடமுழுக்கு தோற்றது போங்கள்! எது எதென்று தெரியாமலிருக்க இரண்டு ஜோடிக்கும் மேலே துணி போர்த்தினார்கள். கிளெனிஸின் கிறிஸ்துமஸ் மேஜை விரிப்பு, அதுவும் கேட்காமலே. இரண்டு ஒயரும் ஒரே நீளமா என்று டேப் வைத்துப் பார்த்தார்கள். சுவருக்கும் பெட்டிக்கும் இடைவெளி, நாற்காலியின் உயரம், சத்தத்தின் அளவு எல்லாவற்றையும் மீட்டர் வைத்து அளந்தார்கள். ஒரு மில்லிமீட்டர் பிசகினதற்கு நெவில் பெட்டியை நாலு தடவை நகர்த்தினான்.

அடுப்படியில் கிளெனிஸும் நெவிலின் மனைவி ஷெர்லியும் பேருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு ஜோடி ஓடியபோது ஷெர்லி தலையை ஆட்டி ரசித்தாள். அடுத்த ஜோடி தொடங்கியதும் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டாள்.

"என்னடி இது, பல் டாக்டர் கிட்ட வந்த மாதிரி!"

"இரு, இப்ப பாரு. இதத்தான் வேணாம்னு சொல்லப் போறாங்க," என்றாள் கிளெனிஸ் நம்பிக்கையோடு.

மார்க் சீட்டை எண்ணினார்கள். ஆறுக்கு ஆறு. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் அந்தத் தகரம் கீறும் ஜோடிக்கே போட்டிருந்தார்கள். கிளெனிஸ் தலையிலடித்துக்கொண்டாள். "டேய் டெஸ், கண்ணாடி மாதிரி இருக்குடா!" என்று நெவில் அவன் முதுகில் தட்ட, டெஸ் பெண்டாட்டியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தேர்தலில் ஜெயித்த பார்வை.

டீ குடிக்க எல்லோரும் தோட்டத்துக்கு வந்தார்கள். வேலியோரம் பாட்டில்பிரஷ் புதர் சிவப்பாகப் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. அதன் இலைகளுக்குள் சின்ன நீலக் குருவிகள் ஒரு கூட்டமாக மறைந்துகொண்டு, மூச்சு விடாமல் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தன.

டெஸ் புதரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "இந்த வருஷம் நீலக் குருவியே வரல, பாத்தியா? எல்லாம் பக்கத்து வீட்டுப் பூனையோட வேலை."

"எங்க தோட்டத்துலயும் சத்தமே இல்லடா," என்றான் நெவில். மற்ற நாலு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

ஷெர்லி கிளெனிஸைப் பார்த்தாள். கிளெனிஸ் புதரைப் பார்த்தாள். குருவிகள் கத்திக்கொண்டே இருந்தன. எட்டு மாதக் கோபம் இருந்த இடத்தில் பயம் வந்தது அவளுக்கு.

விருந்தாளிகள் போனதும், புதர் நிறையக் குருவி கத்துகிறது, உன் காதில்தான் விழவில்லை என்று சொல்லிவிட்டாள். டெஸ் குதித்தான்.

"என் காதா? ஏ கிளென், இன்ஜின் ரூம்ல பேரிங் போகப் போகுதுன்னு ஒரு வாரத்துக்கு முன்னாடியே சொன்ன காதுடி இது! கேப்டனே என்னைக் கேட்டுட்டுத்தான் படகை எடுப்பாரு!"

"அது அப்ப. அந்த இன்ஜின் ரூமேதான் தின்னுடுச்சோ என்னமோ!"

"ஆறு பேரு சொன்னது பொய்யா? துணி போத்தி, மீட்டர் வெச்சு..."

"ஒயரை அளந்தீங்க, சுவரை அளந்தீங்க, நாற்காலியைக்கூட அளந்தீங்க. ஆறு பேருல ஒருத்தராவது காதை அளந்தீங்களா? அளக்காத சாமானை நீ நம்பவே மாட்டியே டெஸ்!"

 டெஸ் கொட்டகைக்குள் போய் ராத்திரி வரை எதையோ உருட்டிக்கொண்டிருந்தான். 

திங்கட்கிழமை காலை அவனாகவே காரை எடுத்தான். மருந்துக்கடையில் இலவசமாகக் காது பார்க்கிறார்கள். சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னாள் அங்கிருந்த பெண். கண்ணாடிக்கு வெளியே நின்ற கிளெனிஸுக்கு அவன் கட்டைவிரல் தெரிந்தது. முதலில் அடிக்கடி அமுக்கியது. அப்புறம் ரொம்ப நேரம் சும்மா இருந்தது.

அந்தப் பெண் கிராஃப் தாளை நீட்டி விளக்கப் போனாள். "எனக்கே படிக்கத் தெரியும்மா," என்றான் டெஸ். ஸ்பீக்கர் கிராஃப் ஆயிரம் படித்தவன் ஆயிற்றே. கனத்த சத்தங்களுக்குக் கோடு பாதி வரை நேராகப் போய், மேல் சத்தங்கள் தொடங்கும் இடத்திலிருந்து மலைச் சரிவில் உருண்டதுபோல் கீழே இறங்கியிருந்தது. அந்தச் சரிவை விரலால் தடவிப் பார்த்தான்.

"இப்படி ஒரு கிராஃப் இருக்கிற பெட்டியை எவனாவது என்கிட்ட வித்திருந்தா, அவன் மூஞ்சியிலயே விட்டெறிஞ்சிருப்பேன்," என்றான் கடைசியில்.

காதுக் கருவிக்கு ஆறு வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் டெஸ் ஒயரைக் கழற்றி, அந்த ஒல்லி ஜோடியைக் காரில் ஏற்றினான். தியோ, "என்னங்க டெஸ், இதுல என்ன குறை?" என்று கேட்டான்.

"பெட்டியில ஒரு குறையும் இல்லப்பா. மூணாவது ஜோடி வீட்டுலயே இருக்கட்டும். பில்லைப் போடு." ஆயிரத்து நானூற்று இருபது டாலர். தியோவுக்கு நம்பவே முடியவில்லை.

ஐந்து மணிக்கு ஊசியை இறக்கிவிட்டு அவன் தன் நாற்காலியில் சாய்ந்தான். கிளெனிஸ் டீயோடு வந்து தன்னுடையதில் உட்கார்ந்தாள். பழைய ஜாஸ் ரெக்கார்டு. பியானோ குழைந்துகொண்டு வந்தது, அடியில் டிரம்காரன் பித்தளைத் தட்டைக் கம்பியால் பட்டும் படாமலும் தடவிக்கொண்டிருந்தான். எட்டு மாதம் கழித்து அவளுக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. திரும்பினால், அவன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

பாழாய்ப்போன மனுஷன், ஜெயித்த சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க விட மாட்டான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. நாற்காலியை நகர்த்தி, அவன் புறங்கையைப் பிடித்து, தட்டு விழுகிற ஒவ்வொரு முறையும் விரலால் தட்டிக் காட்டினாள்.

கொஞ்ச நேரம் பொறுத்தவன் சொன்னான்: "நீ லேட்டா தட்டற."

"அப்ப உனக்குக் கேக்குதா?"

"இல்ல. எங்க விழும்னு ஞாபகம் இருக்கு."

 கிளெனிஸ் கையை எடுக்கவில்லை. இந்த முறை கொஞ்சம் முன்னாடியே தட்டினாள்.