மாப்பிள்ளைச் சோறு

மாமியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முகமல்ல, குரல்தான். "மாப்பிள்ளைக்கு இன்னொரு துண்டு வை." உள்வீட்டுக் கதவு பாதி சாத்தியிருக்கும். அதற்குப் பின்னால் நின்றபடி மாமி சொல்வார்; என் மனைவி சட்டியிலிருந்து சீலா மீனில் இன்னொரு துண்டை எடுத்து என் தட்டில் வைப்பாள். போதும் என்று கையை விரித்துத் தட்டை மறைத்தால், விரல் இடுக்கு வழியாகவாவது ஆணத்தை ஊற்றிவிடுவாள். குழம்பை நாங்கள் ஆணம் என்போம். கீழக்கரையில் கல்யாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோக வேண்டும். அதே ஊரில் பிறந்து வளர்ந்த நான், ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு சந்து தள்ளி வந்து விருந்தாளி ஆகிவிட்டேன். மாமியார் மருமகன் முன்னால் நின்று பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், எனக்குக் கேட்கும்படியாக.

நான் போய்ச் சேர்ந்த சமயம், மாமா சவுதியில் வேலை பார்த்த கம்பெனி படுத்துவிட்டது. சம்பளமும் இல்லை, ஊருக்கு அனுப்பிவைக்க ஆளும் இல்லை. இங்கே வீட்டில் மாமி, என் மனைவி, பள்ளிக்கூடம் போகிற கொழுந்தியாள். மாமி தொழுகை உடுப்பும் தலையணை உறையும் தைத்துக் கொடுப்பார். கூலி வியாழக்கிழமை வரும். வெள்ளிக்கிழமை சாமான் வாங்குவார். அடுத்த வெள்ளி வரைக்கும் அதுதான். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அந்த வீட்டின் முதல் சட்டம்.

அந்த அரைப் பைச் சாமானை வைத்துக்கொண்டு மாமி சமைத்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் சேரும். வெள்ளிக்கிழமை கறி. நெஞ்செலும்பும் கொழுப்புமாகக் கேட்டு வாங்கச் சொல்வார். அதில் ஒட்டியிருக்கிற சதை எனக்கு. எலும்பு மறுநாள் முருங்கைக்காயும் கத்தரிக்காயுமாகக் கொதித்து வீட்டையே மணக்க வைக்கும். கொழுப்பை உருக்கி ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருப்பார். வாரக் கடைசியில் பருப்பாணத்தை அதில் தாளித்தால், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறவன் கறி எங்கே என்று தேடுவான். மீன்கார அம்மா தெருவுக்குள் வரும்போது மாமி கூப்பிட மாட்டார். தெரு முழுக்க விற்றுவிட்டு, மிச்சத்தைத் தள்ளிவிட்டால் போதுமென்று கூடையோடு திரும்பும்போதுதான் எங்கள் வீட்டுக் கதவு திறக்கும். சீலா இரண்டு துண்டு எனக்கு; சூடை, காரல் என்று பொடி மீன் மற்றவர்களுக்கு. பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையைக்கூட வறுத்து, மாசிக் கருவாட்டைக் கிள்ளிப் போட்டு இடித்துச் சம்பல் ஆக்குவார். புதன்கிழமை முட்டை வந்துவிட்டால் கொழுப்புக் கிண்ணம் காலி என்று அர்த்தம். அந்த ஒற்றை முட்டையையும் முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்துக் கல் நிறையப் பரப்பிவிடுவார். நான் ஊதினேன். கல்யாணச் சட்டைக்குப் பொத்தான் எட்டவில்லை. என் உம்மாவுக்கு ஒரே பெருமை. "எம்புள்ளய எப்புடிப் பாத்துக்கிறாக பாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

ராமநாதபுரத்தில் குழாய்ச் சாமான் விற்கிற கடையில் எனக்கு வேலை. ஒருநாள் முதலாளி வீட்டில் ஒரு மவுத்து, சாவு. கடையை மத்தியானமே அடைத்துவிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தவன், நேரே உள்ளே போய்விட்டேன். அடுப்படியில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் எனக்கு மீன் வைத்த சட்டியில் சோற்றைப் போட்டு, ஒட்டியிருந்த மசாலாவைத் துடைத்துப் பிசைந்து மனைவியும் கொழுந்தியாளும் தின்றுகொண்டிருந்தார்கள். மாமியின் கையில் ஒரு கோப்பை கஞ்சித்தண்ணி. சோறில்லாத தண்ணி. என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனவர், கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு முட்டை பொரித்து அனுப்பினார். அந்த முட்டை பக்கத்து வீட்டிலிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். அதைத் தின்றேன். வேறென்ன செய்ய? தள்ளி வைத்திருந்தால் மாமி அன்றைக்கு முழுக்க அழுதிருப்பார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது என் போராட்டம். சம்பளத்தில் ஒரு பங்கை மனைவியிடம் கொடுத்தேன். அது அடுப்படி வாசலைத் தாண்டவில்லை. "மாப்பிள்ளை காசுல உலை கொதிக்குதுன்னு பேரு வரலாமா? ஒங்க வாப்பா வந்து இந்தத் தெருவுல தலய நிமித்தி நடக்க வேணாமா?" என்று கதவுக்குப் பின்னால் குரல் கேட்டது. சரி, பொருளாகவே கொடுப்போம் என்று பஸ்ஸ்டாண்டு பக்கத்தில் பெரிய மீனாகப் பார்த்து வாங்கி வந்தேன். மாமி அதைக் கழுவி, இலை சுற்றி, அழகாக என் உம்மா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். பெற்றவளுக்கு ஆசையாக வாங்கி வந்திருக்கிறேனாம். உம்மா அதை ஆக்கித் தின்றுவிட்டு எனக்காக துஆ செய்தார்.

பிறகுதான் நான் ஒரு பெரிய புத்திசாலித்தனம் செய்தேன். வயிற்றில் ஏதோ கோளாறு, கறியும் மீனும் கொஞ்ச நாளைக்கு ஆகாது, கஞ்சியும் கீரையும் போதும் என்று டாக்டர் சொன்னதாக ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். எனக்கென்று வாங்குவதை நிறுத்தினால் அந்தக் காசில் மற்றவர்கள் தின்பார்கள் என்பது கணக்கு. மறுநாள் என் தட்டுக்கு ஆப்பிள் வந்தது. அதற்கடுத்த நாள் மாதுளை. ஊரில் பாதிப் பேர் அப்போது கேள்விப்பட்டிராத ஓட்ஸை எங்கிருந்தோ வரவழைத்துப் பாலில் காய்ச்சிக் கொடுத்தார். தையல் மெஷின் சத்தம் ஓய்வதே இல்லை. போதாததற்கு, மாப்பிள்ளைக்குக் குணமாக வேண்டுமென்று திங்களும் வியாழனும் நோன்பு வைக்க நேர்ந்துகொண்டிருக்கிறார் என்று மனைவி சொன்னாள். அய்யோ, எனக்கு நல்லாகிவிட்டது என்று பதறிச் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்று, நன்றிக்காக இன்னும் சில நோன்பு வைத்தார்.

மனைவியிடம் கத்தினேன். "ஒங்க உம்மா செத்துப் போனா யாரு பதில் சொல்றது?" அவள் கோபப்படவில்லை. "நீங்க வயிறாரச் சாப்புட்டாத்தான் அவுகளுக்குத் தூக்கம் வருது மச்சான். அதையும் கெடுக்காதீய" என்றாள்.

அந்த நோன்பில் ஒருநாள் மாமி மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர் அம்மா, காகிதத்தைப் பார்த்துவிட்டு மாமியை ஏற இறங்கப் பார்த்தார். "ரத்தமே இல்லியே, தினமும் என்னதான் சாப்பிடுறீங்க?" மாமி முகத்தை மூடிய முந்தானைக்குள்ளிருந்து மகளிடம் சொன்னார். "எங்க வீட்டுல எதுக்குங் கொறவில்லன்னு சொல்லு. கறி, சீலா மீனு, முட்டை, ஆப்பிளு, பாலு, எல்லாந்தான் சாப்புடுறேன்." நான் அந்த அறைக்குள்தான் நின்றுகொண்டிருந்தேன். நான் தின்றதையெல்லாம் ஒன்றுவிடாமல் தான் தின்றதாக மாமி ஒப்பித்தார். பொய் என்று நான் வாயைத் திறந்திருந்தால் ரத்தம் ஏறியிருக்குமோ என்னவோ, ஆனால் மாமி மறுபடி அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடமாடியிருக்க மாட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மட்டும் என் காசை மாமி தடுக்கவில்லை, மருந்து சோறில்லையே. அந்த மாத்திரையை நான் விதவிதமாக வாங்கிக் குவித்தேன்.

இப்போது அந்த வீட்டில் எதற்கும் பஞ்சமில்லை. மாமா ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்து, சில வருஷம் தெருவில் தலை நிமிர்ந்து நடந்துவிட்டுத்தான் மவுத்தானார். கொழுந்தியாள் துபாயில் இருக்கிறாள். எனக்கும் சொந்தமாகக் கடை வந்துவிட்டது. ஃபிரிட்ஜைத் திறந்தால் மீன் வைக்க இடமில்லை. மாமிக்குத்தான் ஞாபகம் போய்விட்டது. கூடவே சர்க்கரை, உப்பு என்று ஆயிரம் தடை. நாலு கரண்டி சோற்றுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு நான் கொடுத்தும் வாங்கிக்கொள்ளாத மனுஷிக்கு, வாங்கிக்கொள்கிற இந்தக் காலத்தில் கொடுக்கக் கூடாது என்கிறார்கள்.

போன வாரம் ஒரு மத்தியானம் மனைவி வெளியே போயிருந்தாள். மாமி அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார். கட்டிலோரம் நான் உட்கார்ந்திருந்தேன். முந்தானையை இழுத்து மூடுகிற பழக்கமெல்லாம் மறந்துபோய், என் முகத்தையே உற்றுப் பார்த்தார். மலேசியாவில் இறந்துபோன தன் தம்பி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. சட்டையைப் பிடித்து இழுத்து, காதருகே சொன்னார்.

"தம்பி, பசிக்குதுடா."

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து நான் கேட்டே இராத வார்த்தை. டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் எழுந்தேன்.

"சத்தங் காட்டாம எடுத்துட்டு வா. மாப்பிள்ளை காதுல விழுந்துறப் போவுது" என்றார்.

ஒரு பிடி சோற்றில் மீனை முள் எடுத்துப் பிசைந்து கொண்டு வந்தேன். வாயருகே கொண்டுபோனதும் என் கையைத் தடுத்துவிட்டார். "மாப்பிள்ளை சாப்புட்டாகளா?"

அக்காவை எங்கள் ஊரில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே கூப்பிட்டேன். "சாப்புட்டாக லாத்தா. வயிறாரச் சாப்புட்டு வெளிய போயிட்டாக. நீ சாப்புடு."

மாமி கதவுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தார்.