அலுங்காமல் குலுங்காமல்

"சாதாவா, பிரீமியமாண்ணே?" என்று கம்பம் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கும் பெண் கேட்டபோது, "ரெண்டுக்கும் என்ன ஆத்தா வித்தியாசம்?" என்றார் சீனிச்சாமி.

"பிரீமியம் போட்டா வண்டி அலுங்காம குலுங்காம போகும்ணே."

அந்த வார்த்தையை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி சந்தனம்மாளுக்கு வயிற்றில் கட்டி. சின்னப் பள்ளத்தில் வண்டி இறங்கினாலும் அவளுக்கு உயிர் போகும். சுருளிப்பட்டியிலிருந்து தேனி ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் அவளை ஏற்றிப்போன எட்டு மாதமும், திராட்சைத் தோட்டத்துக் கூலியில் தன் டீயை நிறுத்திவிட்டுப் பிரீமியமே போட்டார்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று வழியெல்லாம் கேட்பார்.

"குலுங்கவே இல்லங்க" என்பாள், அவர் சட்டையை இறுகப் பிடித்தபடி.

அவள் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார். அவன் பின்சீட்டை அமுக்கிப் பார்த்தான்.

"ஷாக் அப்சார்பர் செத்து ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்ணே. பின்னால உக்காந்தவுக எப்படித் தாங்குனாக?"

"பிரீமியம் போட்டேனேப்பா."

"அது இன்ஜினுக்குண்ணே. குலுக்கலுக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்?"

சீனிச்சாமி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். இடுப்போரத்தில் துணி நைந்து தையல் விட்டிருந்தது. பிரியத்தில்தான் பிடிக்கிறாள் என்று எட்டு மாதமும் நினைத்திருந்தார்.